சாய்தளம் வேண்டாம் என்ற ஊர்

வகுப்பில் யாராவது எழுந்து, "மக்கள் என்ன சொல்கிறார்கள் என்றால்" என்று ஆரம்பித்தால் எனக்கு எரிச்சல் வந்துவிடும். எந்த மக்கள், எந்த வீடு, அவர் பேசும்போது பக்கத்தில் யார் நின்றார்கள் என்று கேட்டுக் குடைந்துவிடுவேன். இதற்காக மாணவர்கள் எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். அது எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

போர்ட் பிளேரில் நான் முதுகலை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடத்துக்குப் பங்கேற்பு வடிவமைப்பு என்று பெயர். புயலோ நிலநடுக்கமோ அடித்த இடத்தில் வீடு, கழிப்பறை, காப்பகம் என்று எதையாவது கட்டுவதற்கு முன்னால், அதில் இருக்கப் போகிறவர்களைக் கூட உட்காரவைத்துக்கொண்டு திட்டம் போடுவது. சொல்லும்போது நன்றாகத்தான் இருக்கிறது. பரீட்சையில் எழுதும்போது இன்னும் நன்றாக இருக்கிறது.

ஒவ்வொரு ஆண்டும் மாணவர்களுக்கு ஒரு நிஜ வேலை பிடித்துத் தருவேன். அந்த ஆண்டு கிடைத்தது வண்டூர்ப் பக்கம் ஒரு மீனவக் குடியிருப்புக்கான புயல் காப்பகம். ஒரு நிவாரண அமைப்பு பணம் போடுகிறது, ஊரோடு பேசி வரைபடம் போட்டுத் தருவது எங்கள் பொறுப்பு. கீழே தூண்கள் மட்டும், மேலே ஒரு பெரிய கூடம். கடல் உள்ளே வந்தால் தண்ணீர் கீழே ஓடட்டும், ஆட்கள் மேலே இருக்கட்டும் என்ற ஏற்பாடு. வழியில் சிப்பிகாட் என்ற ஊரைத் தாண்டும்போது ரோட்டோரம் சுனாமிக்குப் பிறகு வடியாமலே நிற்கும் உப்புத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே போகிறவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

தூத்துக்குடிக் கரையிலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன் கப்பலேறி வந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் அந்தக் குடியிருப்பில் இருக்கின்றன. பெரும்பாலும் கடல் தொழில். சிலர் தச்சு வேலை, வெல்டிங் என்று போர்ட் பிளேருக்கு பஸ் ஏறுகிறார்கள். வீட்டில் தூத்துக்குடித் தமிழ், தெருவில் இந்தி, சண்டை வந்தால் இரண்டும். அவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஊர் விஷயம் எதுவானாலும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோவில் வாசலில் நின்று பேசுவார்கள். எல்லோரும் ஒரே முடிவுக்கு வரும்வரை யாரும் சோற்றுக்குப் போவதில்லை. முடிவு வந்துவிட்டால் அதற்கு எதிராக ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். ஒருத்தன் படகு கவிழ்ந்தால் அடுத்தவன் தன் வலையை அறுத்துவிட்டு ஓடிவர வேண்டிய ஊரில் இரண்டு கட்சி இருந்தால் சரிப்படாது என்பது அவர்கள் நியாயம். எனக்கு அது புரிகிறது. புரிகிறது என்பதற்காகப் பிடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

முதல் நாள் மாணவர்கள் கோவில் முற்றத்தில் கோலமாவால் ஊர் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்கள் சுற்றி நின்று கிணறு இங்கே, பாம்பு வருகிற ஓடை அங்கே என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்தில் நின்றால் மாணவர்கள் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து வேலை செய்வார்கள் என்பதால் ஊருக்குள் நடந்தேன். ஒரு வீட்டிலிருந்து பிள்ளைகள் கூட்டமாக இந்திப் பாடம் ஒப்பிக்கும் சத்தம் வந்தது. உள்ளே முப்பது வயதைத் தாண்டிய ஒரு பெண், சக்கரம் வைத்த பலகையில் உட்கார்ந்து, பெரிய பையன்களையெல்லாம் கண்ணாலேயே அடக்கிக்கொண்டிருந்தாள். குழந்தைப் பருவத்தில் வந்த காய்ச்சலில் இரண்டு காலும் போனவள். அந்த ஊரில் பத்தாம் வகுப்பு தேறியவர்களில் பாதிப் பேர் அவளிடம் டியூஷன் படித்தவர்கள். எல்லோருக்கும் அவள் 'மிஸ்'.

புயல் காப்பகம் பற்றிச் சொன்னேன். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை.

"என்னய யாரும் தூக்கக் கூடாது மேடம். அது ஒண்ணு போதும்."

பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு மிச்சத்தைச் சொன்னாள். கோவில் திருவிழாவுக்கு, ஆஸ்பத்திரிக்கு, ஓட்டுப் போட, எதற்கும் அவளை ஊர்ப் பையன்கள் தூக்கிக்கொண்டுதான் போவார்கள். மறுத்தால் கோபித்துக்கொள்வார்கள். சக்கர நாற்காலி ஒன்று அரசாங்கத்தில் கொடுத்திருந்தது. சமமான தரை என்றால் அதிலேயே தானாகத் தள்ளிக்கொண்டு கோவில் வாசல்வரை போய்விடுவாள். படி வந்தால் தீர்ந்தது.

"எல்லாம் என்கிட்டப் படிச்ச பயலுவதான். முந்தா நாள் காதப் பிடிச்சுத் திருகியிருப்பேன். அவன் வந்து என்னய மூட்ட மாதிரி தூக்குதான். எவன் கை எங்க படுதுன்னு எவனுக்கும் தெரியாது. தெரிஞ்சவனும் தெரியாத மாதிரி இருப்பான். நானும் தெரியாத மாதிரி இருக்கணும். மறுநா காலைல அவன் தம்பிக்குப் பாடம் எடுக்கணும்."

அவளுடைய அம்மா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், "ஏன் பிள்ள இதையெல்லாம் போயி மேடம்கிட்ட" என்றார். குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது.

மாணவர்களிடம் சொன்னேன். வடக்கு அந்தமானின் திக்லிப்பூரிலிருந்து வந்த ஒரு பெங்காலி மாணவி மட்டும் உடனே பிடித்துக்கொண்டாள். மறுநாளே அந்த வீட்டுக்குப் போய் நாற்காலியை அளந்து, கட்டடத்தைச் சுற்றி வளைந்து ஏறும் ஒரு சாய்தளமும், மேல்மாடியிலேயே நாற்காலி நுழையும் ஒரு கழிப்பறையும் வரைந்துகொண்டு வந்தாள். நல்ல வரைபடம். ஒரே சிக்கல், அந்தச் சாய்தளம் கட்டடத்தின் ஒரு பக்கத்தை முழுக்கத் தின்றுவிட்டது. அதே இடத்தில்தான் வலையும் படகு எஞ்சினும் வைக்கத் தரையை உயர்த்திக் கட்டிய ஓர் அறை வேண்டும் என்று ஆண்கள் கேட்டிருந்தார்கள். அதுவும் வீம்புக்குக் கேட்டது இல்லை. எஞ்சின் போனால் ஒரு குடும்பம் எழுந்து நிற்க வருஷங்கள் ஆகும். இரண்டையும் கட்ட இடமும் இல்லை, பணமும் இல்லை. ஏதாவது ஒன்றுதான்.

இப்படிப்பட்ட இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் பாடத்தில் இருக்கிறது. எல்லோருக்கும் ஒரு பிடி புளியங்கொட்டை கொடுப்போம். ஒவ்வொரு யோசனைக்கும் ஒரு பானை. ஒவ்வொருவராகத் திரைக்குப் பின்னால் போய் எந்தப் பானையில் வேண்டுமோ அதில் போட்டுவிட்டு வரலாம். யார் எதில் போட்டார் என்று யாருக்கும் தெரியாது. திரை இல்லாமல் செய்யாதீர்கள் என்று நான் ஒவ்வொரு வகுப்பிலும் தொண்டை வற்றக் கத்துவது உண்டு.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோவில் வாசலில் பானைகளை வைத்தோம். மாணவர்கள் கயிறு கட்டி ஒரு போர்வையைத் தொங்கவிட்டார்கள். ஊர் கமிட்டித் தலைவர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். நல்ல மனிதர். சுனாமி அன்று தன் படகு போவதைப் பார்த்துக்கொண்டே அடுத்த வீட்டுப் பிள்ளைகளைக் காட்டுக்குள் இழுத்துக்கொண்டு ஓடியவர் என்று ஊரே சொல்லும்.

"என்ன மேடம் இது, பர்தா? எங்களுக்குள்ள என்ன ஒளிவு மறைவு? எலெக்சனா நடக்குது?" என்று சொல்லிக்கொண்டே போர்வையை அவிழ்த்து, மடித்து, மரியாதையாக என் கையில் கொடுத்தார். ஊர் கைதட்டியது.

திரை இருந்தால்தான் நடத்துவோம் என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பேசினார்.

"சாய்வா ராம்ப் போடணும்னு படம் வரஞ்சிருக்கீங்க. யாருக்குன்னு எங்களுக்குத் தெரியாதா? அவ எங்க பிள்ள. இந்த ஊருக்கே பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ள. ஒரு ஆபத்துன்னா நாங்க தூக்க மாட்டோமா? அவள விட்டுட்டுப் போற ஊரா இது? ராம்ப் வேணும்னு சொன்னா என்ன அர்த்தம், எங்க மேல நம்பிக்க இல்லன்னுதானே?"

"அண்ணாச்சி, தூக்குறது வேண்டாம்னுதான் அவங்க சொல்றாங்க" என்றேன்.

"அது கூச்சத்துல சொல்லுதது மேடம். நீங்க அதப் பிடிச்சுக்கிட்டு நிக்காதீங்க."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு சாய்தளத்துக்கு ஒரு கொட்டை போட்டாலும் அது ஊரைப் பார்த்து, நீங்கள் அவளைக் கைவிட்டுவிடுவீர்கள் என்று சொல்வதாகிவிட்டது. அந்த அன்பை எப்படி எதிர்ப்பது? என் இருபது வருஷப் படிப்பில் அதற்கு ஒரு வழியும் இல்லை. நான் பானைகளைத் தூக்கிவிடுங்கள் என்று மாணவர்களிடம் சொல்லி முடிப்பதற்குள் பெண்கள் வரிசையில் வந்துவிட்டார்கள். ஒவ்வொருவராக எஞ்சின் அறைப் பானையில் கையைக் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். அவளுடைய அம்மாவும் வந்தார். கையை நன்றாக விரித்து, எல்லோரும் பார்க்கும்படி, எஞ்சின் அறைக்கே போட்டார். தலைவர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

தன் பங்குக் கொட்டைகளை அவள் வீட்டிலிருந்தே பெங்காலி மாணவியிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். மாணவி கடைசியில் வந்து அவற்றைச் சாய்தளப் பானையில் போட்டாள். காலிப் பானை, சத்தம் எல்லோருக்கும் கேட்டது. யாரும் கோபப்படவில்லை. பாவம் பிள்ள என்று இரண்டு பேர் சொன்னார்கள்.

திரும்பும் வண்டியில் ஒரே சண்டை. மெயின்லேண்டிலிருந்து வந்த மாணவன் ஒருவன், இவ்வளவு ஒற்றுமையாக ஒரு சமூகம் முடிவெடுத்து நான் பார்த்ததே இல்லை என்று பூரித்துப் போயிருந்தான். பெங்காலி மாணவி அழுதுகொண்டு வந்தாள். நான் அவனைப் பிடித்துக் காய்ச்சி எடுத்தேன். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "முடிவு அவர்களுடையது என்று நீங்கள்தானே மேடம் சொல்லிக்கொடுத்தீர்கள்" என்றான். குத்தலுக்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டான்.

பணம் போடும் அமைப்போடு மன்றாடிப் பார்த்தேன். மேல்மாடிக் கழிப்பறையாவது கட்டுங்கள் என்றேன். ஊரே ஒரு மனதாகச் சொன்ன பிறகு நாங்கள் எப்படி மாற்றுவது என்று கேட்டார்கள். என் பாடத்தின் வார்த்தைகளையே எனக்குத் திருப்பிச் சொன்னார்கள். கட்டடம் எழுந்தது. படி, மேலே கூடம், கீழே தரை உயர்த்திய எஞ்சின் அறை, அதை ஒட்டித் தரைமட்டத்திலேயே கழிப்பறைகள். திறப்பு விழாவுக்கு நான் போகவில்லை.

அடுத்து வந்த மழைக்காலத்தில் கடலில் புயல் சின்னம் உருவாகிக் கப்பல்களை எல்லாம் நிறுத்திவிட்டார்கள். காப்பகம் எப்படிப் பயன்படுகிறது என்று பார்ப்பது பாடத்தில் மீதியிருந்த பகுதி. அதனால் பெங்காலி மாணவியையும் அந்த மெயின்லேண்ட் மாணவனையும் கூட்டிக்கொண்டு காலையிலேயே போய்விட்டேன். மழை சாய்த்து அடித்தது. ஊர் ஒழுங்காகப் படியேறிக்கொண்டிருந்தது. கிழவர்கள், கைக்குழந்தைகள், கோவில் மாதா சுரூபம்கூட வந்துவிட்டது. மிஸ்ஸைக் காணோம்.

தலைவர் அதற்கு முன்பே பையன்களிடம் பிளாஸ்டிக் நாற்காலி கொடுத்து அனுப்பியிருந்தார். அவர்கள் வெறும் நாற்காலியோடு திரும்பி வந்தார்கள். மிஸ் நேற்றே சிப்பிகாட்டில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டார்களாம், அம்மா வாசலில் நின்று சொன்னார், அவரும் பின்னால் வருகிறாராம் என்றார்கள். தலைவர் நிம்மதியாகத் தலையாட்டினார்.

சற்று நேரத்தில் என் போன் அடித்தது. அவள்தான்.

"மேடம், நான் வீட்லதான் இருக்கேன். உங்ககிட்ட மட்டும் சொல்லுதேன். எனக்கு எதும் ஆச்சுன்னா அம்மா மேல பழி வரக் கூடாது, நாந்தான் வரமாட்டேன்னேன்னு நீங்க சொல்லணும். இப்ப யார்கிட்டயும் சொல்லாதீங்க. கசம் சே, என் மேல சத்தியம்."

வந்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். எப்படி வருவது என்று கேட்டாள். மேலே வந்தால் எங்கே ஒதுங்குவது என்று கேட்டாள். காற்றில் பேச்சு விட்டு விட்டு வந்தது.

நான் படித்ததெல்லாம், கற்றுக்கொடுத்ததெல்லாம் ஒரே ஒரு விஷயம். ஒருவருக்கு என்ன வேண்டும் என்று அவரைத்தான் கேட்க வேண்டும். கேட்டாயிற்று. தெளிவாகச் சொல்லிவிட்டாள். ஓலையும் தகரமும் போட்ட அந்த வீடு கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. நான் தலைவரிடம் போய், அவள் வீட்டில்தான் இருக்கிறாள் என்று சொன்னேன். இன்றைக்கு அதே போன் வந்தாலும் அதையேதான் சொல்வேன். சாகட்டும் என்று விட்டுவிட்டு வகுப்பில் அவள் உரிமையைப் பற்றிப் பாடம் எடுக்க என்னால் ஆகாது.

பையன்கள் ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் மழைக்குள்ளிருந்து வந்தார்கள். அவளை நாற்காலியில் உட்காரவைத்து, விழாமல் இருக்க அம்மாவின் சேலையால் நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். நாலு பேர் தூக்கினார்கள். ஒருவன், "மிஸ், பயப்படாதீங்க மிஸ், நாங்க இருக்கோம்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தான். அவன் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். அவள் கண்ணை இறுக மூடியிருந்தாள். படியில் ஏறும்போது ஒருவன் கை வழுக்கி, நாற்காலி சாய்ந்து, அவளை எங்கே பிடிக்கக் கிடைத்ததோ அங்கே பிடித்தார்கள். மேலே வந்ததும் கூடமே கைதட்டியது. மெயின்லேண்ட் மாணவன் போனை எடுத்துப் படம் பிடிக்கப் போனான். நான் அவன் கையைத் தட்டிவிட்டதில் போன் ஈரத் தரையில் விழுந்து கெட்டுப்போயிற்று. அதற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

புயல் மதியத்துக்குள் தணிந்துவிடும் என்று நினைத்தோம். தணியவில்லை. கீழே முழங்கால் தண்ணீர், கழிப்பறைகள் அங்கேதான். நடக்கத் தெரிந்தவர்கள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கி ஏறினார்கள். அவள் முந்தின நாளிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறாள். அப்படியும் முடியவில்லை. அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். பெண்கள் எழுந்து சுவரோரம் போர்வையை விரித்துப் பிடித்துக்கொண்டார்கள், யாரோ ஒரு வாளி கொண்டுவந்தார்கள். ஆண்கள் நல்லபடியாகத் திரும்பி நின்றார்கள். கூடத்தில் அவளிடம் படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் இருந்தார்கள். ஊர் முழுவதும் பேச்சை நிறுத்திவிட்டு அமைதியாக இருந்தது, மரியாதைக்காகத்தான். அந்த அமைதியில் எல்லாம் கேட்டது. பெங்காலி மாணவி ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தாள், மழைச் சத்தமாவது உள்ளே வரட்டும் என்று. எல்லோரும் நனைந்ததுதான் மிச்சம்.

புயல் சாயங்காலம் திசை மாறி வடக்கே போய்விட்டது. நானும் மாணவியும் அவள் வீட்டைப் போய்ப் பார்த்தோம். கூரையில் ஒரு தகரம் போயிருந்தது. தண்ணீர் வாசல்படிவரை வந்து நின்றிருக்கிறது, உள்ளே வரவில்லை. அவளுடைய பலகையும் நாற்காலியும் காய்ந்தபடி இருந்தன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊர் கூடியது. மிஸ் வீட்டில் தனியாகக் கிடந்து செத்திருந்தால் ஊர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தலைவர் கலங்கிப்போய்ப் பேசினாராம். இனிமேல் எந்த எச்சரிக்கை வந்தாலும், யாரும் படியேறுவதற்கு முன், முதலில் அவளைத்தான் தூக்கிக்கொண்டு வர வேண்டும், அவள் என்ன சொன்னாலும் கேட்கக் கூடாது என்று ஒரு மனதாக முடிவானது. நாலு பையன்களைப் பொறுப்பில் போட்டார்கள். அவளுடைய அம்மா எழுந்து நின்று எல்லோருக்கும் கைகூப்பினார். பணம் போட்ட அமைப்பு இதைக் கேள்விப்பட்டு, ஊர் தானாகவே எடுத்த அருமையான முயற்சி என்று தன் அறிக்கையில் சேர்த்துக்கொண்டது. மெயின்லேண்ட் மாணவன்தான் அதை எனக்குக் கொண்டுவந்து காட்டினான். இந்த முறை அவன் பூரித்துப் போகவில்லை.

நான் போய்ப் பார்க்கக் கொஞ்ச நாள் ஆயிற்று. திட்டுவாள் என்று தயாராகப் போனேன். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், பிறகு டீ குடிக்கலாம் என்று ஒரு நினைப்பு. அவள் பிள்ளைகளை வைத்துப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். குரல் பழையபடி இல்லை. பின்வரிசையில் ஒருவன் பக்கத்திலிருப்பவனைக் கிள்ளிக்கொண்டிருந்தான். பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகள் போனதும் நான் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

"நீங்க சொன்னது தப்புன்னு சொல்ல மாட்டேன் மேடம்" என்றாள். "நானா இருந்தாலும் சொல்லியிருப்பேன்."

பிறகு வாசலைப் பார்த்தாள். மழை இல்லை, வானம் மட்டும் கொஞ்சம் மூடிக்கொண்டு வந்தது. அவள் கை பலகையின் ஓரத்தை இறுகப் பிடித்திருந்தது.

"முன்னெல்லாம் புயலுக்கு மட்டும்தான் பயப்படுவேன். இப்ப லேசா மேகம் கறுத்தாலே பயமா இருக்கு. கடல் வந்துருமோன்னு இல்ல மேடம். அவங்க வந்துருவாங்களோன்னு."